ஈரான், சவூதி எல்லாம் மனித உரிமை அமைப்புகளுக்குத் தலைவர் ஆவது எப்படி? விதிமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 2023 நவம்பரில் ஐ.நா. மனித உரிமை கவுன்சிலின் சமூக மன்றத்துக்கு ஈரான் தூதர் தலைமை தாங்கினார். மாஷா அமினி காவலில் இறந்து ஒரு வருஷம் தாண்டி ரெண்டு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. 2024 மார்ச்சில் பெண்கள் நிலை ஆணையத்துக்கு சவூதி அரேபியா தலைவர். 2015-லும் சவூதி பெயர் அடிபட்டது. 2003-ல் பழைய மனித உரிமை ஆணையத்துக்கு கடாஃபியின் லிபியா தலைவர்.

வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் "ஐ.நா. மனித உரிமைக்கு சவூதி தலைவராம், கலி முத்திடுச்சு" என்கிற ஒரே வரிதான். அது எந்த நாற்காலி, அதில் உட்கார்ந்தால் என்ன செய்ய முடியும், யார் உட்கார வைக்கிறார்கள் என்று எவரும் எழுதுவதில்லை. சுழற்சி முறையா, தேர்தலா? தேர்தல் என்றால் இவ்வளவு நாடுகள் ஓட்டுப் போட்டுத்தான் வருகிறார்களா? தடுக்க வழியே இல்லையா? கோபத்தை விட்டுவிட்டு, நடைமுறை தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

தலைப்புச் செய்தியில் எல்லாமே "ஐ.நா. மனித உரிமைத் தலைவர்"தான். உள்ளே போய்ப் பார்த்தால் நீங்கள் சொன்ன நாலு சம்பவமும் நாலு வேறு நாற்காலி. ஆள் வரும் வழியும் வேறு, அதிகாரமும் வேறு.

ஈரான் உட்கார்ந்தது சமூக மன்றத்தில். அந்த ஆண்டு அது நவம்பர் 2, 3 என்று இரண்டே நாள். மனித உரிமைக்கு அறிவியலும் தொழில்நுட்பமும் எப்படி உதவும் என்பது பொருள். அங்கே வாக்கெடுப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது. தலைவர் பேச்சாளர்களை அழைப்பார், நேரத்தைப் பார்ப்பார், முடிவில் ஒரு சுருக்க அறிக்கை கவுன்சிலுக்குப் போகும். நியமிப்பவர் கவுன்சில் தலைவர். ஆனால் பெயர் கொடுப்பது பிராந்தியக் குழு. 2023-ல் ஆசிய-பசிபிக் குழுவின் முறை. அவர்கள் கொடுத்தது ஒரே பெயர்: ஈரான் தூதர் அலி பஹ்ரைனி. அப்போதைய கவுன்சில் தலைவர், செக் நாட்டின் வாட்ஸ்லாவ் பாலெக், மே 10 அன்று நியமித்தார். அமெரிக்கா கூட்டத்தைப் புறக்கணித்தது. இதில் விசித்திரம், அதே கவுன்சில்தான் 2022 நவம்பர் 24 அன்று 25-க்கு 6 என்ற கணக்கில் (16 நாடுகள் ஒதுங்கின, இந்தியாவும் அதில் ஒன்று) ஈரான் மீது உண்மை கண்டறியும் குழுவை அமைத்திருந்தது. அந்தக் குழுவை ஈரான் நாட்டுக்குள் விடவில்லை. அதன் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அதே கவுன்சிலின் மன்றத்தில் ஈரான் மைக் பிடித்து உட்கார்ந்திருந்தது.

2015 சவூதி விவகாரம் செய்தியாளர்கள் குழப்பியது. சவூதி தூதர் பைசல் திராத் தலைமை தாங்கியது "ஆலோசனைக் குழு"வுக்கு. ஐந்து பிராந்தியத்திலிருந்து ஐந்து தூதர்கள். சிறப்பு அறிக்கையாளர் (ஒரு பொருளையோ ஒரு நாட்டையோ பற்றி விசாரித்து கவுன்சிலுக்கு அறிக்கை தரும் தனி நிபுணர்) பதவிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, வடிகட்டி, நேர்காணல் நடத்தி, பெரும்பாலும் மூன்று பெயரை வரிசைப்படுத்தி கவுன்சில் தலைவரிடம் கொடுப்பார்கள். அவர் அந்த வரிசையை மாற்றலாம், மாற்றிய முன்னுதாரணமும் உண்டு. கடைசியில் கவுன்சில் ஒப்புதல் தர வேண்டும். "ஐவரில் ஒருவர்தானே" என்று சிலர் இதைத் தள்ளிவிடுவார்கள். நான் தள்ளமாட்டேன். சித்திரவதை, கருத்துச் சுதந்திரம், தன்னிச்சையான கைது பற்றி விசாரிக்கப் போகிற ஆளின் பெயர் பட்டியலில் ஏறுமா என்பது அந்த ஐந்து பேர் அறையில்தான் முடிவாகிறது. வடிகட்டியில் தங்கிப்போன பெயருக்காக யாரும் வீதிக்கு வருவதில்லை. 2020 ஏப்ரலில் சீனாவின் ஜியாங் துவான் இதே குழுவுக்குள் வந்தார். சமூக மன்றத்துக்கு எழுந்த சத்தத்தை வைத்துப் பார்த்தால் இதற்கு இன்னும் பெரிதாக எழுந்திருக்க வேண்டும்.

பெண்கள் நிலை ஆணையம் மனித உரிமை கவுன்சிலின் கீழ் வருவதே இல்லை. அது நியூயார்க்கில், பொருளாதார சமூகப் பேரவையின் கீழ். 45 உறுப்பினர்கள். ஒரு கூட்டத்தொடர் முடிந்த கையோடு அடுத்ததன் முதல் அமர்வைத் தொடங்கி, தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒத்திவைப்பார்கள். 2024 மார்ச் 27 அன்று நடந்தது அதுதான். இருந்த தலைவர் பிலிப்பைன்ஸ் தூதர், "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். 45 பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சவூதி தூதர் அப்துல்அஜீஸ் அல்வாசில் தலைவர். ஒரு நிமிஷ வேலை. அடுத்த மார்ச்சில் நடந்தது பெய்ஜிங் பெண்கள் மாநாட்டின் 30-ஆம் ஆண்டு கூட்டத்தொடர், அரசியல் பிரகடனம் நிறைவேறிய கூட்டம். வேறு வருஷமாக இருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

உண்மையில் கனமான நாற்காலி கவுன்சில் தலைவர் பதவிதான். விசாரணைக் குழுக்களின் உறுப்பினர்களை நியமிப்பவர் அவர். சிறப்பு அறிக்கையாளர் பட்டியலில் கடைசிப் பெயரை முன்மொழிபவரும் அவர். கவுன்சிலிடம் பேசியதற்காக ஊரில் பழிவாங்கப்பட்டவர்களின் புகார் போவதும் அவரிடம்தான். ஓராண்டுப் பதவி, பிராந்திய வாரியாகச் சுற்றும். வழக்கமாக ஒருமனதாக முடித்துவிடுவார்கள், இழுபறியானால்தான் ரகசிய வாக்கெடுப்பு. 2021 ஜனவரியில் அப்படி நடந்தது: பிஜியின் நஸ்ஹத் ஷமீம் கான் 29, பஹ்ரைன் 14, உஸ்பெகிஸ்தான் 4. 2024 ஜனவரியில் மொராக்கோவின் ஒமர் ஸ்னிபர் 30, தென்னாப்பிரிக்க வேட்பாளர் 17. மேற்கு சகாரா என்ற சர்ச்சைக்குரிய பகுதியின் விவகாரம் கையில் இருக்கிற மொராக்கோ அந்த நாற்காலிக்கு வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

ஐ.நா.வின் ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்கு வடகொரியா தலைவர், சிரியா தலைவர் என்றும் செய்தி வரும். அது மனித உரிமை அமைப்பே அல்ல. ஆங்கில அகரவரிசைப்படி நான்கு வாரத்துக்கு ஒருவர். வடகொரியாவுக்கு 2011-லும் 2022-லும் முறை வந்தது. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

சுரைக்காயார் நாற்காலியைப் பிரித்துக் காட்டிவிட்டார். ஆனால் தலைவர் ஆவதற்கு முன்னால் உள்ளே வர வேண்டுமே. அந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்று பார்த்தால் மீதி தானாகப் புரியும்.

கவுன்சிலில் 47 இடம். ஆப்பிரிக்கா 13, ஆசிய-பசிபிக் 13, லத்தீன் அமெரிக்கா-கரீபியன் 8, மேற்கு ஐரோப்பா முதலியன 7, கிழக்கு ஐரோப்பா 6. மூன்றாண்டுப் பதவி, தொடர்ந்து இரண்டு முறை இருந்தால் மூன்றாவது முறை உடனே நிற்க முடியாது. பொதுச்சபையின் 193 நாடுகளும் ரகசியச் சீட்டில் ஓட்டுப் போடும். ஜெயிக்க 97 வேண்டும். 2006 மார்ச்சில் வந்த 60/251 தீர்மானம் சொல்வது இது. மனித உரிமையில் "உயர்ந்த தரம்" காக்க வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. ஆனால் அந்தத் தரத்தை அளக்க முழக்கோல் எதுவும் கொடுக்கவில்லை. வேட்பாளர் நாடு தானே ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும்.

காகிதத்தில் இது கடினமான தேர்தல். நடப்பது நம்மூர் கூட்டுறவு சங்கத் தேர்தல். ஒரு பிராந்தியத்துக்கு ஐந்து இடம் காலி என்றால் குழுவுக்குள்ளேயே பேசி சரியாக ஐந்து பேரை நிறுத்துவார்கள். அன்னபோஸ்ட், அதாவது போட்டியில்லாத தேர்வு. ரகசியச் சீட்டு, ஓட்டுப்பெட்டி, எண்ணிக்கை எல்லாம் அப்புறமும் நடக்கும், ஆனால் தோற்க ஆள் கிடையாது. 2021 அக்டோபர் 14 அன்று 18 இடத்துக்கு 18 பேர். எரித்திரியாவுக்கு 144, கேமரூனுக்கு 175, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 180. அந்த ஆண்டின் மிகக் குறைந்த எண்ணிக்கை எரித்திரியாவுடையது, அதுவே 97-ஐவிட 47 கூடுதல். இந்தியாவும் அதே பட்டியலில் 184. 2018-லும் 18-க்கு 18. 2025 அக்டோபரில் 14-க்கு 14.

போட்டி வந்தால் கதை மாறும்:

2016 கிழக்கு ஐரோப்பா, 2 இடம்: ஹங்கேரி 144, குரோஷியா 114, ரஷ்யா 112. இரண்டே ஓட்டில் ரஷ்யா வெளியே.

2020 ஆசியா, 4 இடம்: பாகிஸ்தான் 169, உஸ்பெகிஸ்தான் 164, நேபாளம் 150, சீனா 139, சவூதி 90. சவூதி வெளியே.

2022 லத்தீன் அமெரிக்கா, 2 இடம்: சிலி 144, கோஸ்டாரிகா 134, வெனிசுலா 88.

2024 ஆசியா, 5 இடம்: ஆறாவதாக வந்த சவூதிக்கு 117. 97-ஐத் தாண்டியும் வெளியே.

ஆக ஒரு சர்வாதிகார அரசு உள்ளே வருவதைத் தடுக்க வேண்டுமென்றால் அந்த அரசை எதிர்த்துக் கத்துவதைவிட, அதே பிராந்தியத்தில் இன்னொரு நாட்டை நிற்க வைப்பதுதான் வேலைக்காகும். இது ஏன் அடிக்கடி நடப்பதில்லை? பண்டமாற்று. உன் ஆளுக்கு இந்தத் தேர்தலில் நான், என் ஆளுக்கு அந்தத் தேர்தலில் நீ. மனித உரிமை சீட்டுக்குப் பதில் கப்பல் போக்குவரத்து அமைப்பின் சீட்டு என்றுகூடப் பேசலாம். 2015-ல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சவூதி வெளியுறவுக் கடிதங்களில் பிரிட்டனோடு இப்படியொரு பரஸ்பர ஆதரவுப் பேச்சு இருந்தது. இரண்டு நாடுகளுமே 2013 தேர்தலில் உள்ளே வந்தன. ஜனநாயக நாடுகள் கைசுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-ல் பெண்கள் ஆணையத்துக்கு சவூதி உறுப்பினராக வந்தபோது பொருளாதார சமூகப் பேரவையின் 54 நாடுகளில் 47-ன் ஓட்டு. பெல்ஜியம் ஆதரித்துப் போட்டது வெளியே தெரிந்து, அந்நாட்டுப் பிரதமர் சார்ல் மிஷேல் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. சீட்டு ரகசியமாக இருப்பதால் மற்றவர்கள் தப்பித்தார்கள்.


தறிக்காரன் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் கணக்குப்பிள்ளை சார். 2019-ல் வெனிசுலா ஜெயித்தது போட்டி இருந்தும்தானே? அப்புறம், அன்னபோஸ்ட் என்றாலும் சீட்டை வெறுமையாகப் போட்டால் 97-க்குக் கீழே இழுக்க முடியாதா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

2019-ல் பிரேசில் 153, வெனிசுலா 105, கோஸ்டாரிகா 96. ஆனால் நாட்களைப் பாருங்கள். கோஸ்டாரிகா நிற்கப் போவதாக அறிவித்தது அக்டோபர் 3. வாக்கெடுப்பு அக்டோபர் 17. பதினாலு நாளில் 96 வாங்கியது. மற்ற நாடுகளின் ஓட்டெல்லாம் மாதக்கணக்கில் முன்பே வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ஜூன் மாதமே இறங்கியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. மூன்று ஆண்டு கழித்து முன்கூட்டியே நின்று, அதே வெனிசுலாவை 134-க்கு 88 என்று வீழ்த்தியது.

வெற்றுச் சீட்டு: விதிப்படி முடியும். காலியாக விடலாம், வேட்பாளராக அறிவிக்காத அதே பிராந்திய நாட்டின் பெயரைக்கூட எழுதலாம். ஆனால் 193-ல் 97 பேர் சொல்லிவைத்து விட வேண்டும். எரித்திரியாவையே 144 பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அந்த வழி எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


வன்னிமரம் எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணை விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன், எங்களுக்கு நெருக்கமான கணக்கு என்பதால். 2008 மே 21 தேர்தல். ஆசியாவுக்கு நான்கு இடம், ஆறு வேட்பாளர். யப்பான் 155, பஹ்ரைன் 142, தென்கொரியா 139, பாகிஸ்தான் 114. இலங்கை 101. அப்போதும் பெரும்பான்மை 97தான், இலங்கை அதைத் தாண்டியிருந்தது. அன்னபோஸ்ட்டாக இருந்திருந்தால் மனித உரிமைப் பேரவைக்குள் (நீங்கள் கவுன்சில் என்பது) திரும்ப வந்திருக்கும். ஆறு பேர் நின்றபடியால் வெளியே போனது. டெஸ்மண்ட் டுட்டு, ஜிம்மி கார்ட்டர் போன்றோர் வெளிப்படையாக எதிர்த்ததும் சேர்ந்தது.

ஆனால் அடுத்த வருடம் நடந்ததையும் பாருங்கள். இலங்கையில் போர் முடிந்து ஒரு வாரம். 2009 மே 26, 27 ஜெனீவாவில் சிறப்பு அமர்வு. இலங்கை பேரவையின் உறுப்பினரே இல்லை. இருந்தும் இலங்கை தானே எழுதிக்கொண்டுவந்த தீர்மானம்தான் நிறைவேறியது: 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 ஒதுங்கல். இந்தியா ஆதரவு. உறுப்பினர் அல்லாத நாடு வாக்களிக்க முடியாது, ஆனால் தீர்மான வரைவு கொண்டுவரலாம், திருத்தம் கேட்கலாம், மற்றவர்களைத் திரட்டலாம். ஆசனம் பறிபோனதால் அரசு பணிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அந்த 29 நல்ல பாடம். பிறகு 2012-இல் 24-15-8, 2014-இல் 23-12-12 என்று இலங்கைக்கு எதிரான தீர்மானங்கள் நிறைவேறி, எதிர்த்திசையில் திரும்பியது வேறு கதை. அதுவும் ஒவ்வொரு தலைநகராகப் போய் எண்ணிக்கை பிடித்ததால் நடந்தது.

இதே வித்தையை சவூதி இன்னும் நேர்த்தியாகச் செய்தது. 2020 ஒக்டோபரில் 90 வாக்கோடு தோற்ற சவூதி, 2021 ஒக்டோபர் 7 அன்று யேமன் போர்க்குற்றங்களை விசாரித்த நிபுணர் குழுவை நிறுத்த வைத்தது. நெதர்லாந்து கொண்டுவந்த நீடிப்புத் தீர்மானம் 18-க்கு 21 என்று தோற்றது, ஏழு நாடு ஒதுங்கின. வாக்கெடுப்பு கேட்டது பஹ்ரைன். பேரவை தொடங்கி அதுவரை ஒரு தீர்மானமும் வாக்கில் தோற்றதில்லை, அதுதான் முதல் தடவை. சவூதி அந்த அறையில் வாக்கு இல்லாமல் இருந்தது! அடுத்த வருடம் 2022 ஒக்டோபர் 6, சீனாவின் சிஞ்சியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் மீதான மீறல்கள் குறித்த ஐ.நா. அறிக்கை பற்றி விவாதம் நடத்தலாமா என்ற கேள்விக்கே 17-க்கு 19 என்று கதவைச் சாத்தினார்கள். விவாதத்துக்கு மட்டும்தான், விசாரணைக்குக்கூட இல்லை. பதினொரு நாடு ஒதுங்கின, அதில் இந்தியாவும் உக்ரைனும் உண்டு. தலைவர் நாற்காலியில் யார் என்பதைப் போல, அந்தப் பதினொன்று யார் என்பதையும் நாங்கள் கேட்க வேண்டும்.

இன்னொரு அறையை ஒருவரும் சொல்லவில்லை: தொண்டு நிறுவனங்களுக்கான குழு. 19 உறுப்பினர், நான்கு வருடம், நியூயோர்க்கில் ஆண்டுக்கு இரண்டு அமர்வு. ஒரு அமைப்பு ஐ.நா. கட்டடத்துக்குள் அனுமதிச்சீட்டு வாங்கவும், ஜெனீவாவில் தன் பெயரில் மைக் பிடித்துப் பேசவும் இவர்கள் தரும் ஆலோசனைத் தகுதி வேண்டும். இங்கே மறுக்கத் தேவையே இல்லை. ஒரு உறுப்பு நாடு ஒரு கேள்வி கேட்டால் விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். பதில் வந்தால் இன்னொரு கேள்வி. சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு 2007-இல் விண்ணப்பித்தது. இந்தியா கேட்ட கேள்விகளிலேயே பதினைந்து வருடம் ஓடியது. 2022 டிசம்பரில் மேலே உள்ள பொருளாதார சமூகப் பேரவை தானே வாக்கெடுத்துத்தான் அதற்குத் தகுதி கொடுத்தது. 2022-இல் சீனா, கியூபா, எரித்திரியா, நிகரகுவா எல்லாம் தேர்வான குழு அது. ஆனால் அந்தப் பதினைந்து வருடக் கேள்வித்தாள் ஒரு ஜனநாயக நாட்டுடையது.


ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

வன்னிமரம் சொன்ன கடைசி அறை என் முந்தைய பதிவில் விடுபட்டது, என் தவறு. ஒரு சின்னச் சேர்க்கை: 2022 ஏப்ரலில் அந்தத் தொண்டு நிறுவனக் குழுவுக்கு ரஷ்யா நின்று தோற்றது. அங்கேயும் கிழக்கு ஐரோப்பாவின் இரண்டு இடத்துக்கு ஜார்ஜியா, ஆர்மீனியா, ரஷ்யா என்று மூவர் நின்றதால்தான்.

தடுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள், உள்ளே வந்தவரை வெளியேற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலுக்கு வழி எழுதியே இருக்கிறது. கடுமையான, திட்டமிட்ட மீறல் என்றால் பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் இடைநிறுத்தலாம். இரண்டு முறைதான் நடந்திருக்கிறது.

லிபியா 2010 மே மாதம் 155 ஓட்டு வாங்கி உள்ளே வந்தது. பத்தே மாதத்தில், 2011 மார்ச் 1 அன்று, வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறுத்தினார்கள். கவுன்சிலே முதலில் பரிந்துரைத்தது, அரபு லீக்கும் கைவிட்டிருந்தது. சொந்தப் பிராந்தியம் கைவிட்டால்தான் இவ்வளவு சுலபம்.

ரஷ்யா, 2022 ஏப்ரல் 7: ஆதரவு 93, எதிர்ப்பு 24, ஒதுங்கியவை 58. இங்கே ஒரு நுணுக்கம். ஒதுங்கிய ஓட்டு கணக்கில் வராது. 93-ம் 24-ம் சேர்ந்தால் 117, அதில் மூன்றில் இரண்டு 78. அதனால் சுலபமாகத் தாண்டியது. அந்த 58 பேரும் எதிர்த்துப் போட்டிருந்தால் 175-க்கு 117 வேண்டும், 93 போதாது, தீர்மானம் விழுந்திருக்கும். "நடுநிலை வகித்தார்கள்" என்று நம் பத்திரிகைகள் எழுதுகிற ஒதுங்கல், இந்த விதியில் தீர்மானத்துக்குத்தான் சாதகம். எதிர்த்துப் போடுங்கள் என்று ரஷ்யா முன்கூட்டியே கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். மறுபக்கம், கவுன்சிலில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அங்கே சிஞ்சியாங் மாதிரி நெருக்கமான வாக்கில் ஒதுங்குவது சீனாவுக்குச் சாதகமாகிறது. ஒரே செயல், இரண்டு அறையில் இரண்டு விளைவு.

பெண்கள் ஆணையத்தில் நீக்க விதியே இல்லை. ஈரான் 2021-ல் 43 ஓட்டோடு உள்ளே வந்தது. 2022 டிசம்பர் 14 அன்று பொருளாதார சமூகப் பேரவையில் அமெரிக்கா ஒரு தீர்மானம் கொண்டுவந்து 29-8-16 என்று வெளியேற்றியது. அதற்கு முன்னுதாரணம் கிடையாது. விதி இல்லாத இடத்தில் எண்ணிக்கையே விதியாகிவிட்டது. இது நல்லதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இன்று ஈரானுக்குச் செய்ததை நாளை வேறொரு கூட்டணி வேறொரு நாட்டுக்குச் செய்யலாம்.


தறிக்காரன் எழுதியது:

கடைசியாக ரெண்டு. ஒன்று, ஒரு சாதாரண வாசகரோ சின்ன அமைப்போ இதைக் கவனிக்க வேண்டுமென்றால் எப்போது, எதைப் பார்க்க வேண்டும்? ரெண்டு, 2024 மார்ச்சில் அந்த 45 பேரில் ஒருவர் கையைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?


கணக்குப்பிள்ளை எழுதியது:

முதல் கேள்விக்கு நான். தேர்தல் பெரும்பாலும் அக்டோபரில். செப்டம்பரில் வேட்பாளர்களின் உறுதிமொழிகள் பொதுச்சபை ஆவணங்களாக வரும். அதே மாதம் அம்னஸ்டியும் ஜெனீவாவிலுள்ள சர்வதேச மனித உரிமை சேவை அமைப்பும் வேட்பாளர் நாடுகளை மேடையேற்றிக் கேள்வி கேட்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் மதிப்பெண் அட்டையும் போடுவார்கள்.

ஆனால் செப்டம்பரில் விழித்தால் கோஸ்டாரிகா கதைதான். வருஷத் தொடக்கத்திலேயே பொதுச்சபையின் தேர்தல் பக்கத்தைத் திறந்து, பிராந்தியவாரியாகக் காலி இடத்தையும் வேட்பாளர் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அந்தப் பிராந்தியத்தில் தேர்தல் முடிந்துபோனது மாதிரிதான். இன்னொரு நாட்டை இறக்க மார்ச் முதல் ஜூன் வரைதான் நேரம்.

உறுதிமொழியைப் படிக்கும்போது "உறுதி பூண்டுள்ளோம்" வகை வரிகளைத் தாண்டிவிடுங்கள். சிறப்பு அறிக்கையாளர்கள் எப்போதும் வரலாம் என்று நிரந்தர அழைப்பு கொடுத்திருக்கிறதா, கேட்டவர்களுக்கு விசா கொடுத்ததா, சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்து காலத்தில் அறிக்கை தந்ததா, நாடுகள் மீதான தீர்மானங்களில் எப்படி ஓட்டுப் போட்டது. இந்த நாலும் ஆவணத்தில் இருக்கும், யாரும் மறுக்க முடியாது. அரசுக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால் "எரித்திரியாவை எதிர்க்கவும்" என்று எழுதாதீர்கள், ரகசியச் சீட்டில் அதைச் சரிபார்க்க வழியில்லை. "கவுன்சிலில் இந்தத் தீர்மானத்துக்கு ஏன் ஒதுங்கினீர்கள்" என்று கேளுங்கள். அங்கே ஓட்டுப் பலகை திறந்திருக்கிறது, ஒவ்வொரு நாட்டின் பெயருக்கு நேரேயும் விளக்கு எரியும்.


ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

இரண்டாவதற்கு முன்னுதாரணம் இருக்கிறது, நீங்களே முதல் பதிவில் சொன்ன லிபியா.

2003-ல் இருந்தது பழைய மனித உரிமை ஆணையம், 53 உறுப்பினர். ஆப்பிரிக்காவின் முறை, ஆப்பிரிக்கக் குழு கொடுத்த பெயர் லிபியாவின் நஜாத் அல்-ஹஜ்ஜாஜி. வழக்கப்படி கைதட்டி முடிக்க வேண்டியது. அமெரிக்கா எழுந்து வாக்கெடுப்பு கேட்டது. ஜனவரி 20 அன்று ரகசியச் சீட்டு: ஆதரவு 33, எதிர்ப்பு 3, ஒதுங்கியவை 17. ஐரோப்பிய நாடுகள் ஒதுங்கின. ஆப்பிரிக்காவின் தேர்வை மேற்கு நாடுகள் மிதிக்கின்றன என்று பேச்சு திரும்பியதில், லிபியச் சிறைகளைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது. போட்டியின்றி வந்திருந்தால் சாதாரண சுழற்சித் தலைவர், வாக்கெடுப்பு கேட்டதால் 33 பேரின் ஆதரவு பெற்ற தலைவர்.

2024-ல் ஒருவர் கையைத் தூக்கியிருந்தால் வாக்கெடுப்பு நடந்திருக்கும், சவூதி ஜெயித்திருக்கும். தூதர்கள் எல்லாருக்கும் இந்த 33-3-17 மனப்பாடம். மாற்று வேட்பாளர் இல்லாமல் வாக்கு கேட்பதில்லை என்பது அங்கே எழுதாத விதி. பிஜி 2021-ல் பஹ்ரைனை வீழ்த்தியது, ஆட்சேபம் சொன்னதால் அல்ல. அதே பிராந்தியத்திலிருந்து ஆள் நிறுத்தியதால். பெண்கள் ஆணையத்துக்கு ஆசியாவிலிருந்து இன்னொரு பெயர் அன்று மேசையில் இல்லை. மாற்றுப் பெயர் கேட்க வேண்டியது மார்ச் 27 அன்று அல்ல, அதற்கு முந்தைய மாதங்களில், ஆசிய-பசிபிக் குழு கூடுகிற அறையில். அந்த அறைக்குள் இந்தியா, ஜப்பான், தென்கொரியா எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே கேமரா கிடையாது.